பென்டிரைவ் இல்லாத வீட்டுக் கர்னல்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம், கம்ப்யூட்டர்தான் சௌக்கியமில்லை. விஷயம் உங்களோடு இருக்கட்டும். மகள் காதில் விழுந்தால் அடுத்த நிமிடம் அத்தை காதில் விழுந்துவிடும்.

"லினக்ஸ் போட்டிருக்கேன் மாமா, கர்னல்ல தேவையில்லாததை எடுத்துட்டா இன்னும் வேகமா ஓடும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்விட்டீர்கள். உதிரிபாகக் கிடங்கில் ஆயுள் முழுக்கச் சாமான் சரிபார்த்தவன் சும்மா இருப்பேனா? உள்ளே இருக்கிற கருவிகளையெல்லாம் வேலை வாங்குவது அந்தக் கர்னல்தானாம். அதை மாற்ற உட்கார்ந்தால், அது இருக்கிறதா, இது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே போகிறது. வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோதுகூட என்னை இத்தனை கேள்வி கேட்டதில்லை. ரேடியோ? இல்லை. தொடுதிரை? இல்லை. யு.எஸ்.பி.? அது பென்டிரைவ் சொருகுகிற சமாச்சாரம், நம் வீட்டில் பென்டிரைவே கிடையாது, தூக்கு அதை!

வேகம் என்றால் அப்படியொரு வேகம் மாப்பிள்ளை! பட்டனை அமுக்கிக் கையை எடுப்பதற்குள் திரை வந்து பெயரைக் கேட்டது. அடித்தேன். ஒரு எழுத்து விழவில்லை. குனிந்து பின்னால் பார்த்தால் கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாமே அந்த யு.எஸ்.பி. துவாரத்தில்தான் தொங்குகின்றன! பேரன் தவழ ஆரம்பிச்சதை அந்தத் திரையிலதானே தினமும் பார்த்தோம், எங்க பட்டன் போன்ல என்ன தெரியும்? அத்தைகிட்ட "லைன் கோளாறு, ஆள் வரணும்"னு ஒரு பொய்யைச் சொல்லி வெச்சிருக்கேன். அவ ஒரு வார்த்தை திட்டலை, அதான் பயமாயிருக்கு. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்தா மனசு கேக்கலை, பாத்திரம் கழுவறேன், வீடு துடைக்கறேன், நேத்து திரைச்சீலைகூடத் துவைச்சுப் போட்டேன். குழந்தை முகத்தைப் பார்க்காம எனக்குச் சோறு இறங்கலை. சனிக்கிழமை எப்படியாவது வந்து சரிபண்ணிடுங்க.

பேரனுக்கு முத்தங்கள். நீங்கள் இருவரும் தொட்டதெல்லாம் துலங்கட்டும். நான் தொட்டதை நீங்கள் துலக்குங்கள்.

இப்படிக்கு,
கை வைத்துக் கெடுத்த மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. தபாலில் போடச் சொல்லி என்னிடமேதான் கொடுத்தார். கம்ப்யூட்டரைப் போட்டதும் வருகிற பட்டியலில் இரண்டாவது வரியைத் தட்டினால் பழைய கர்னல் அப்படியே இருக்கிறது; கர்னல் ஏறுவதற்கு முன் அந்தப் பட்டியலில் கீபோர்டும் வேலை செய்கிறது. உங்கள் வீட்டு மகாராணி, என் மகள்தான் போனில் சொல்லிக்கொடுத்தாள். இவர் கடைக்குப் போகிற நேரமெல்லாம் நாங்கள் திரையில் பார்த்துப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் அவசரப்பட்டு வர வேண்டாம், இன்னும் போர்வைகள் பாக்கி. ஆனால் நேற்று குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். அதைத் தனியாகப் பார்க்க எனக்கே என்னவோ போலிருந்தது. போர்வைகள் காய்ந்ததும் இவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.