கல்யாணப் பீப்பாயில் ஊற்றிய மிச்சம்

மதிப்புக்குரிய சம்பந்தி ஒக்தாவ் அவர்களுக்கு, போர்தோவிலிருந்து அர்மான் லபாதி மிகுந்த தாழ்மையுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மகள் சொலான்ஜும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே தாங்களும் ஜெர்மேன் அம்மாளும் மாப்பிள்ளை ரெமியும் நலமென்றும், தங்கள் திராட்சைத் துளிர்களை இந்த வருடம் உறைபனி தொடவில்லை என்றும் நம்புகிறேன்.

போன சனிக்கிழமை எங்களை பர்கண்டிக்கு வரவழைத்து, நிலவறை நிலவறையாக அழைத்துப்போய் ஒயின் சுவைக்கவைத்து, விருந்தும் வைத்து அனுப்பினீர்கள். நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நன்றிக்கு முன்னால் ஒரு குற்றத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் படித்த பிறகு கல்யாணமே வேண்டாம் என்று தாங்கள் சொன்னாலும் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

காலையிலிருந்தே எனக்கு மனசு சரியில்லை. தங்கள் மைத்துனர் நிலவறையில் முதலில் சிவப்பைக் கொடுத்துவிட்டு அப்புறம் வெள்ளையைக் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் வெள்ளைதான் முன்னால் வரும். கேக்கைத் தின்னக் கொடுத்துவிட்டு சூப் ஊற்றியது போலிருந்தது எனக்கு. ஊருக்கு ஊர் வழக்கம் என்று வாயை மூடிக்கொண்டேன். பார்த்தால், எல்லாரும் வாயில் வைத்ததைச் சரளைத் தரையில் துப்புகிறீர்கள். ஜெர்மேன் அம்மாள்கூட, கம்மல் அசையாமல் துப்புகிறார். நான் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவன், சம்பந்தி. பிளாட்பாரத்தில் துப்புகிறவர்களை விரட்டி விரட்டியே தலை நரைத்தவன். அந்த வாயால் எப்படித் துப்புவேன்? விழுங்கினேன். கொடுத்ததையெல்லாம் விழுங்கினேன். சொலான்ஜ் என் கோட்டைப் பிடித்து இழுத்து, "அப்பா, துப்புங்கப்பா. இன்னும் ரெண்டு நிலவறை இருக்கு" என்று கெஞ்சினாள். கேட்கிற நிலையில் நான் இல்லை.

இரண்டாவது நிலவறையில் இன்னொரு வழக்கத்தைக் கண்டேன். சுவைத்தது போகக் கோப்பையில் நின்ற மிச்சத்தைத் தாங்கள் திரும்பப் பீப்பாயிலேயே ஊற்றினீர்கள். இவ்வளவு கஞ்சத்தனமா, இந்த வீட்டிலா என் பெண் வாழப்போகிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்றுதான் எழுதுகிறேன், அந்த வார்த்தையை அடித்துத் திருத்தவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தாங்களே விளக்கம் சொன்னீர்கள்: "வருஷம் பூரா கொடியோட மல்லுக்கட்டினவனுக்கு, ஒரு வாய் ஒயினை மண்ணுல கொட்ட மனசு வராது சம்பந்தி." அந்தச் சொல்லில் என் சந்தோஷம் போய்விட்டது.

ஏனென்றால் நான் வந்ததே குறை தேடத்தான். சொலான்ஜின் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இவளும் பிரான்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் நான் இந்தச் சுவர்களோடுதான் பேச வேண்டும். ஒயின் சரியில்லை, மனிதர்கள் சரியில்லை என்று ஏதாவது ஒன்று கையில் அகப்படாதா என்று வந்தேன்.

கடைசியில் தங்கள் சொந்த நிலவறை. அங்கும் சிவப்புதான் முதலில். வயிறு இடம் கொடுக்காமல் பாதிக் கோப்பையை இடது கையில் வைத்துக்கொண்டே நின்றேன். அப்புறம் மூலையில் தனியாக இருந்த பீப்பாயிலிருந்து வெள்ளையை எடுத்து வலது கையில் கொடுத்தீர்கள். செப்டம்பர் கல்யாணத்துக்கென்றே ஒதுக்கி வைத்தது என்றீர்கள். குடித்தேன். எவ்வளவு தேடியும் அதில் ஒரு குறை அகப்படவில்லை. என் மௌனத்தைத் தாங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். முகம் வாடி, விளக்கை எடுத்துக்கொண்டு எல்லாரோடும் மேலே போய்விட்டீர்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் பின்தங்கினேன். இனி இவள் இங்கேதான் என்று தெரிந்துவிட்டது. சரி, நாமும் இந்த வீட்டு மனிதனாக நடந்துகொள்வோம் என்று, இருட்டில் தடவி, சிவப்புப் பீப்பாய் என்று நினைத்துத் தக்கையைப் பிடுங்கி, இடது கையிலிருந்ததைப் பயபக்தியோடு பீப்பாய்க்குள் ஊற்றித் திரும்ப அடைத்தேன். நிமிர்ந்தபோது தாங்கள் விளக்கோடு படியில் நின்றுகொண்டு, "வாங்க சம்பந்தி, சூப் ஆறுது" என்றீர்கள். அந்த வெளிச்சத்தில், என் கைக்கு நேரே சாக்பீஸில் எழுதியிருந்த ரெமி, சொலான்ஜ் என்ற இரண்டு பெயர்களும் தெரிந்தன. கல்யாண வெள்ளையில் சிவப்பை ஊற்றியிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் ஒயின் எப்படி என்று கேட்டீர்கள். நான் "பரவாயில்லை" என்றேன். ஜெர்மேன் அம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தாங்கள் சம்பந்தத்தை முறித்துக்கொண்டால் நியாயம் தங்கள் பக்கம்தான். அப்படி முறிந்தால் மகள் என்னோடே இருப்பாள் என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போடுவதையும் வெட்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஜெர்மேன் அம்மாளுக்கு என் வணக்கம். ரெமிக்கு என் ஆசி, முடிவு எதுவானாலும்.

தங்கள் உண்மையுள்ள,
அர்மான் லபாதி

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கும்போது சொலான்ஜ் வந்து, கேட்காமல் கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா, நீங்க ஊத்துனதை மாமா படியில நின்னு பாத்துட்டார். ரெமி அன்னைக்கே என்கிட்ட சொன்னார். 'மனுஷன் நம்ம வழக்கத்தை எடுத்துக்கிட்டார், அவர் மட்டும் ஊத்தினதா இருந்தா அவருக்குத்தானே சங்கடம்'னு சொல்லி, சாப்பாடு முடிஞ்சதும் மாமாவும் கீழ போய் தன் கோப்பைல மிச்சமிருந்த சிவப்பை அதே பீப்பாய்ல ஊத்தி மூடிட்டாராம்."

ஆகவே மேலே கண்டவை எழுதப்படாதவையாகக் கருதப்பட வேண்டும். கிழித்துப் போட்டிருப்பேன், தபால்தலை வீணாகிறது. கல்யாணம் உண்டு. ஒயின் பரவாயில்லை என்று சொன்னது பொய். நான் செப்டம்பரில் வரும்வரை அந்தப் பீப்பாயைத் திறக்க வேண்டாம். எங்கள் ஊர்ச் சிவப்பில் ஒரு கோப்பை கொண்டு வருகிறேன். இந்த முறை விளக்கைத் தாங்கள் பிடியுங்கள், நான் ஊற்றுகிறேன்.