ஆமென் ஆயாவின் உரத்த ஜெபம்

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் நடந்த எதையும் கடவுள் தாமாகத் தெரிந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் ஆமென் ஆயாதான் அவருக்குச் சொன்னார். கடவுள் கேட்பதற்கு முன்பே நாங்கள் கேட்டுவிடுவோம்.

எழுபதுகளின் நடுவில் புதுமருமகளாக நான் அங்கே குடிவந்த அன்று மாலை ஏழு மணிக்கு, பக்கத்து வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு குரல் புறப்பட்டது.

"ஆண்டவரே, பக்கத்து வூட்டுக்குப் புதுசா வந்திருக்கிற பொண்ணுக்கு ரசம் வைக்கத் தெரியலையாம். அதுக்குக் கைப்பக்குவத்தைக் குடும். அது மாமியாருக்குப் பொறுமையைக் குடும்."

நான் அந்த ரசத்தை வைத்து இறக்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆயாவின் இயற்பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. லுத்தரன் கோயிலில் ஞாயிறு தவறாத குடும்பம். மூன்று பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, ஐந்து பேரப்பிள்ளைகளையும் கண்டிருந்தார். கணவர் சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவர். கோயில் பாடகர் குழுவில் முப்பது ஆண்டுகளாகக் கட்டைக்குரல் பாடியவர். அதிகம் பேசாத அவரை நாங்கள் பெரியவர் என்போம். ஆயாவின் ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் பெரியவர் ஒரு 'ஆமென்' போடுவார். தகரக் கூரைமேல் தேங்காய் விழுந்ததுபோல் இருக்கும். பெயர் வந்தது அதனால்தான்.

முதல் ஷிஃப்டுக்குப் பெரியவர் புறப்படுவதே ஒரு காட்சி. கையில் டிபன் கேரியரோடு தலைகுனிந்து வாசலில் நிற்பார். ஆயா ஜெபிப்பார். தெருமுனையில் ஷிஃப்டு பஸ் ஆரன் அடிக்கும். ஆயா அவசரப்பட மாட்டார்.

"ஆண்டவரே, அங்க ஆரன் அடிச்சிகினு இருக்கிற டிரைவர் தம்பியையும் உம்ம கையில ஒப்புக்குடுக்கிறேன். அவனுக்கு நிதானத்தைக் குடும்."

ஆமென் கேட்ட பிறகுதான் பஸ் நகரும். நாளடைவில் அந்த டிரைவர் ஆரன் அடிப்பதை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் கைகூப்பிக் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

பேரப்பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு வந்தால், கோயிலில் சிறுவர்களுக்கு 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று கேள்வி-பதிலாக ஞானோபதேசம் கற்பிக்கும் பழக்கத்தில், ஆயா எதற்கும் விளக்கம் கேட்பார்.

"ஆயா, பசிக்குது."

"பசிக்குதுன்னா என்னடா அர்த்தம்?"

"காலையில நீ நாலு இட்லிதான் குடுத்தேன்னு அர்த்தம்."

சரியான பதிலுக்கு ஐந்தாவது இட்லி உண்டு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஜெபத்துக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. நான்காம் வீட்டு ஃபோர்மன், சிகரெட்டை விட்டொழித்ததாக மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார். அன்று மாலை ஆயா, "சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால நின்னுகினு ஊதற ஃபோர்மன் தம்பிக்கு விடுதலை குடும்" என்று வேண்டினார். அடுத்த ஐந்தாவது நிமிடம் ஃபோர்மன் வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. மறுநாள் அவர் ஆறேழு பேரைத் திரட்டிக்கொண்டு ஆயாவின் வாசலுக்கு வந்தார்.

"எங்க வூட்டு விஷயத்த ஊருக்கே ஒலிபரப்புறீங்களேம்மா?"

"நான் ஆண்டவர்கிட்டதானே தம்பி சொன்னேன்? ஒட்டுக்கேட்டது நீங்கதானே?"

"அவருக்கு மெதுவா சொன்னா கேக்காதா?"

ஆயா திரும்பிப் பெரியவரைப் பார்த்தார். பிறகு, என்றும் இல்லாத சிறிய குரலில், "என்னால யாருக்கும் இடறல் வேணாம். இனி மனசுக்குள்ளயே சொல்லிக்கிறேன்" என்றார்.

அந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் நானும் நின்றேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் இருந்தது. என் மாமியார் பொக்கிஷமாகப் போற்றிய அவருடைய கூறைப்புடவையை, மடிப்பெடுத்து நல்ல பெயர் வாங்கும் ஆசையில், இஸ்திரிப் பெட்டியால் உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுவிட்டு, டிரங்குப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே சுவர். அடுத்த ஜெபம் என்னைப் பற்றியதாக இருக்கும் என்ற அச்சத்தில் எனக்குத் தூக்கமே போயிருந்தது. ஆயாவின் மௌனம் எனக்குக் கிடைத்த பாதுகாப்பு.

பிளாக்கே மந்தமாயிற்று. மணி ஏழானது யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள் மாலை, இரவல் வாங்கிய தூக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கதவு திறந்திருந்தது. ஆயா பெரியவரின் எதிரே அமர்ந்து உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். பெரியவர், பஸ் எண்ணைப் படிக்க முயல்பவர்போல், அந்த உதடுகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "ஆமென்" என்றார். ஆயா தலையசைத்து மறுத்துவிட்டுத் தொடர்ந்தார். சற்றுப் பொறுத்து மறுபடியும், சந்தேகத்தோடு, "ஆமென்?" என்றார். அப்போதும் ஜெபம் முடிந்திருக்கவில்லை. பெரியவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

என்னைப் பார்த்த ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா காது சுத்தமா போச்சு கண்ணு. அடித்தொண்டையில கத்தினாத்தான் அவருக்குக் கேக்கும். கொயர்ல பக்கத்து ஆளு வாயப் பாத்துப் பாடி ஒப்பேத்திகினு இருக்காரு. வெளியில தெரிஞ்சா உடைஞ்சி போயிடுவாரு. எங்களுக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து அவரு ஆமென் சொல்லாம நான் ஜெபத்த முடிச்சதில்ல."

ஊரே சிரித்த அந்தக் குரல் எவருக்காக என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊராரிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு பொருள்தான்.

"ஆயா, எனக்காக ஒரு ஜெபம் பண்ணணும்" என்று கூறைப்புடவையின் கதையைச் சொன்னேன். "ஆனா சத்தமாப் பண்ணணும்."

"சத்தமாவா? பைத்தியமா நீ? ஒன் மாமியாரு அடுப்பங்கரையிலதான நிக்கிறாங்க?"

"நானே கேக்கறேன்ல ஆயா. கேட்டவங்களுக்குச் சத்தமாச் சொன்னா யாரு தடுக்க முடியும்?"

ஆயா கொல்லையிலிருந்து பெரியவரை அழைத்து வந்து உட்கார வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆண்டவரே! பக்கத்து வூட்டு மருமவ அவ மாமியாரோட கூறைப்புடவைய உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுப்புட்டா! பொட்டிக்கு அடியில ஒளிச்சி வெச்சிருக்கா! அந்த மாமியார் மனச இளக்கும்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கரண்டி ஒன்று தரையில் விழுந்தது. இந்தப் பக்கம் பெரியவரின் முகம் மலர்ந்தது.

"ஆமென்!"

மறுநாளிலிருந்து ஆயாவின் வாசலில் வேண்டுதல்காரர்கள் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் சத்தமாகவே வேண்டுமாம். இரண்டாம் வாரம் ஃபோர்மனே வந்தார், பிரமோஷனுக்காக.

என் மாமியார் ஒன்பது நாள்கள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள், கீரை ஆய்ந்தபடியே, "புடவை போனாப் போகுது, விடு. அந்த மனுசன் இப்பத்தான் சரியான எடத்துல ஆமென் சொல்றாரு" என்றார். ஒரே சுவர்தானே, பெரியவரின் காது விஷயம் அவருக்கும் என்றோ தெரிந்திருந்தது.

எண்பதுகளில் பெரியவர் காலமானார். மகனுக்கும் சுரங்கத்திலேயே வேலை கிடைத்து, அதே குவார்ட்டர்ஸும் அவருக்கே ஒதுக்கப்பட்டதால், ஆயா எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். காரியங்கள் முடிந்த மறுநாள் மாலை ஏழு மணிக்கு அந்தக் குரல் மீண்டும் எழுந்தது. கத்திச் சொல்ல இனி அவசியம் இல்லை; ஆனாலும் ஆயா குரலைத் தாழ்த்தவில்லை. டிரைவர் தம்பி, ஃபோர்மன், பேரப்பிள்ளைகள், நான் என்று எல்லாரையும் சொல்லி முடித்தார். பிறகு பழக்கத்தில் நிறுத்தி, காத்திருந்தார்.

எங்கள் சமையலறையில், நெற்றி நிறைய விபூதியோடு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார், தலை நிமிராமல், சுவரைத் தாண்டிக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஆமென்."