மடியில் பயணம் செய்த காளியம்மா

அன்பும் மரியாதையும் உரிய பழனியாண்டி மாமா அவர்களுக்கு,

புக்கிட் செலம்பாவிலிருந்து உங்கள் தங்கை மகள் குணசுந்தரி எழுதுவது. இங்கே அம்மாவும் அண்ணன் மனோகரனும் நானும் சுகம். பண்டார் பாருவில் நீங்களும் அத்தையும் சுகமாகவும், உங்கள் முட்டி வலி மட்டும் சுகமில்லாமலும் இருக்கக் காளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அத்தை குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவார். அதனால்தான் தபால்தலை ஒட்டுகிறேன்.

மாமா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குழந்தை கிடையாது.

நீங்கள் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை சத்தியசீலனின் அத்தை பிரேமாவதி, விமான நிலையத்தில் என்னைக் கைக்குழந்தையோடு பார்த்ததாகச் சொன்னது பொய்யில்லை. ஒலிபெருக்கியில் என் பெயரையும் குழந்தையின் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டதைக் கேட்டதாகச் சொன்னதும் பொய்யில்லை. கண்ணும் காதும் ஒழுங்காக வேலை செய்யும் ஒருவர் எப்படி இவ்வளவு தவறான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அதைக் கேட்டு நீங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தீர்களாம். அதற்குத் திட்டியே இருக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்களே போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டும். ஏனென்றால், உங்கள் வீட்டில் பார்த்துக்கொண்ட அன்று சத்தியசீலன் என் சம்பளத்தையும் கேட்கவில்லை, சமைக்கத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. உறுமி மேளத்தில் எந்தப் பக்கம் அழுகிறது, எந்தப் பக்கம் பேசுகிறது என்று கேட்டார். அந்த ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

கடல் தாண்டிச் சரவாக்கில் வேலைக்குப் போன நம் ஆட்கள் அங்கே ஒரு சின்னக் கோயில் கட்டியிருக்கிறார்கள். திருவிழாவுக்கு எங்கள் உறுமி மேளக் குழுவைக் கூப்பிட்டார்கள். மற்ற மேளங்கள் அவர்களிடமே இருந்தன. உறுமி மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். போன வருடம் சுங்கைப்பட்டாணிக் குழு ஒன்று தங்கள் உறுமியைப் பெட்டிகளோடு விமானத்தின் வயிற்றுக்குள் போட்டு அனுப்பியது. போய்ச் சேர்ந்தபோது தோல் கிழிந்திருந்தது. திருவிழாவில் அவர்கள் புளூடூத் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு நின்றார்கள். சாமி அன்றைக்கு யார் மீதும் வரவில்லை. சாமியைக் குறை சொல்ல மாட்டேன்.

அதனால் உறுமிக்குத் தனி இருக்கை வாங்கலாம் என்று அண்ணன் மலிவு விமானத்தின் இணையப் பக்கத்தில் உட்கார்ந்தான். அங்கே சாமான் பட்டியலில் சைக்கிள் இருந்தது, கோல்ஃப் மட்டை இருந்தது, அலைச்சறுக்குப் பலகை இருந்தது. உறுமி இல்லை. நம் பக்கத்து யான் ஊர்க் கடற்கரையில் இறங்கினால் முட்டி வரை சேறுதான். இந்த வட்டாரத்தில் யார் அலையில் சறுக்கினார்கள் மாமா? சரி, இருக்கைக்காவது வழி இருக்கிறதா என்று பார்த்தால், பயணியின் பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் அது நகர மறுத்தது. எங்கள் குழுவில் புது உறுமிக்கு முதல் பூசை போட்டுப் பெயர் வைப்பது வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். இதற்குக் காளியம்மா என்று பெயர். அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்காமல் பெயரைப் போட்டான், பூசை போட்ட நாளைப் பிறந்த நாளாகப் போட்டான். ஒன்றரை வயது. உடனே அந்தப் பக்கம், இது கைக்குழந்தை, இருக்கை வேண்டாம், தாயின் மடி போதும் என்று சொல்லி விலையைக் குறைத்துவிட்டது. விலை குறைந்ததும் அண்ணனுக்குப் பக்தி கூடிவிட்டது. தாயாக யாரைப் போடுவது என்ற கேள்வி வந்தபோது வீட்டில் உறுமி வாசிப்பவள் நான் ஒருத்திதான். அப்படித்தான் மாமா, கல்யாணம் ஆகாமலே எனக்கு ஒரு மகள் பிறந்தாள்.

விமான நிலையக் கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பேபி மானா, காக்?" என்று கேட்டாள். குழந்தை எங்கே அக்கா என்கிறாள். நான் உறுமியை மூடியிருந்த மஞ்சள் துணியை விலக்கிக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கவுண்டர்களும் வேலையை நிறுத்தின. பிறகு மேலதிகாரியைக் கூப்பிட்டாள். குகநாதன் என்று பெயர்ப் பட்டை குத்திய நம் ஆள் ஒருவர் வந்தார். கழுத்துப் பட்டை, கண்ணாடி, தமிழ் பேசினால் வேலை போய்விடும் என்பது போன்ற முகம். உறுமியைப் பார்த்ததும் அவர் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இது கேங்ஸ்டர் ஊர்வலத்தில் அடிக்கிற சாமானல்லோ? நீங்கள் எந்த எஸ்டேட்?"

"எஸ்டேட்ட வித்துட்டாங்க சார். எங்க வீடு இருந்த எடத்துல இப்ப கோல்ஃப் ஆடுறாங்க. அந்த மட்டைக்கு உங்க கம்ப்யூட்டர்ல எடம் இருக்கு. எங்க மேளத்துக்குத்தான் இல்ல."

எனக்கு வந்த கோபத்துக்கு இன்னும் பேசியிருப்பேன், அண்ணன் காலை மிதித்துவிட்டான். குகநாதன் விசைப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கைக்குழந்தையை நீக்கினால் தாயின் டிக்கெட்டும் சேர்ந்து நீங்குகிறது. தாயை வைத்துக்கொண்டால் குழந்தையும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு இருந்த அந்தக் கருணை எனக்கே பிடித்திருந்தது. கடைசியில் அவர், பாதுகாப்புச் சோதனையில் விட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று எங்களை அங்கே தள்ளிவிட்டார். ஆனால் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தார்.

சோதனை இயந்திரத்துக்குள் காளியம்மா படுத்துப் போனாள். திரையில் பார்த்தவர் உள்ளே ஒன்றுமே இல்லை என்றார். ஒன்றும் இல்லாவிட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவரே அடுத்துக் கேட்டார். எனக்கும் சின்ன வயதிலிருந்து அதே சந்தேகம்தான். வாசித்துக் காட்டச் சொன்னார்கள். நான் வளைந்த குச்சியை இடப்பக்கத் தோலில் வைத்து ஒரே ஒரு இழு இழுத்தேன். மாமா, அந்தக் கூடத்தின் கூரை உயரம். சத்தம் மேலே போய் எங்களைத் தேடிக்கொண்டு திரும்பி வந்தது. வரிசையில் நின்றவர்கள் பெல்ட்டையும் காலணியையும் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மா என்ற அக்கா லேசாக ஆட ஆரம்பித்தார். நான் பயந்து நிறுத்தினேன். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தால் அந்தக் கூடத்தில் எலுமிச்சம்பழத்துக்கு எங்கே போவது? பாப்பம்மா அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "நிறுத்திட்டியேமா, வேல நேரத்துல எனக்கு இதுதான் ஒரு லீவு" என்றார். குகநாதன் மட்டும் என் அருகில் வந்து, தோலில் விரல் வைத்துப் பார்க்கலாமா என்று மெதுவாகக் கேட்டார். வைத்தார். நான் மறுபடி மெல்ல இழுத்தேன். விரலை எடுக்கவே இல்லை. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, குழந்தையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்.

இனி பிரேமாவதி அத்தை பார்த்ததற்கு வருகிறேன். குளிரூட்டியில் தோல் இறுகிவிடும் என்று அம்மாவின் பழைய பாத்திக் சாரோங் கைலியால் காளியம்மாவைச் சுற்றித் தோளில் தூளி மாதிரி கட்டியிருந்தேன். தோல் எப்படி இருக்கிறது என்று விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது என் பழக்கம். தூரத்திலிருந்து பார்த்தால் தூங்க வைக்கிற மாதிரி இருந்திருக்கும். அந்த நேரத்தில்தான் கைக்குழந்தையோடு வந்தவர்கள் முதலில் ஏறலாம் என்று அறிவித்து, குணசுந்தரி, காளியம்மா என்று இரண்டு பெயரையும் வாசித்தார்கள். பிரேமாவதி அத்தை பக்கத்து வாசலில் கோலாலம்பூர் விமானத்துக்கு உட்கார்ந்திருந்தாராம். எழுந்து வந்து துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். நம் ஆட்கள் விலக்கிப் பார்க்க மாட்டார்கள், போய்ச் சொல்வார்கள்.

விமானத்தில் பணிப்பெண் கைக்குழந்தைக்கான சின்ன பெல்ட் கொண்டுவந்து என் பெல்ட்டோடு கோத்து, காளியம்மாவின் இடுப்பில் மாட்டினாள். நடுவில் ஒடுங்கிய உறுமிக்குத்தான் இடுப்பு உண்டே, அளவாக நின்றது. விமானம் வேகமெடுத்தபோது இயந்திர அதிர்வில் காளியம்மா தானாகவே முனக ஆரம்பித்தாள். பக்கத்து இருக்கைச் சீனத் தாத்தா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, பிள்ளைக்குக் காது அடைக்கிறது, பால் கொடு என்று மலாயில் சொன்னார். நான் குனிந்து தோலில் கையை வைத்தேன். நின்றுவிட்டாள். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திருவிழா நன்றாக நடந்தது. மூன்று பேர் மீது சாமி வந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆகவே, அது குழந்தை இல்லை, மேளம்தான் என்று நீங்கள் பிரேமாவதி அத்தையிடம் விளக்கமாகச் சொல்லி, என் பேரில் விழுந்த பழியைத் துடைக்க வேண்டும். வேண்டுமானால் துணியை விலக்கிக் காட்ட நானே தூக்கிக்கொண்டு வருகிறேன். பேருந்தில் மடி டிக்கெட் கேட்க மாட்டார்கள்.

உங்கள் முட்டியைத் தவிர்த்துப் பாதத்தைத் தொட்டு வணங்கும், அத்தையின் மீன் குழம்பை நினைத்துக்கொண்டே இருக்கும்,
குணசுந்தரி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அம்மா வந்தார். நான் எழுதி முடிக்கும் வரை அவருக்குப் பொறுமையில்லை. பிரேமாவதி அத்தைக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். மேளம்தான் என்று தெரிந்து மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொம்பச் சந்தோஷமாம். கல்யாணத்துக்குத் தடையே இல்லையாம். வீட்டுக்கு வருகிற பெண் மேளத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனால் நன்றாக இருக்காது, அதை மட்டும் அண்ணனிடம் விட்டுவிட்டு வரட்டும் என்றார்களாம். சத்தியசீலன் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவரை யாரும் கேட்கவில்லையாம்.

அதனால் மாமா, மேலே எழுதியது எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். எனக்குக் குழந்தை உண்டு. பெயர் காளியம்மா, வயது ஒன்றரை. தாய் விட்டுவிட்டு வர மாட்டாள் என்று சொல்லிவிடுங்கள். சத்தியசீலனிடம் மட்டும் தனியாக ஒன்று கேளுங்கள்: அவருக்கு மடியில் இடம் இருக்கிறதா?