வலைக்கும் ஓர் அறை

யாழ்ப்பாணத்தில், சுவரே இல்லாத வீட்டில் தலையை இடித்துக்கொள்ளக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். அவர் எங்கள் வீடு கட்டும் கம்பனியின் பணிப்பாளர். சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் உண்டு. மற்ற எல்லோருக்கும் அவர் கயித்தண்ணை.

சீமெந்து குழைக்க வந்து, மேசனாகி, ஓவசியராகி, இது நடந்த காலத்தில் மனேச்சர் வரை ஏறியிருந்தார். வீட்டுப்படத்தை நன்றாக வாசிப்பார், ஆனால் நம்பமாட்டார். படம் கீறுகிறவன் நான் என்பதால் எனக்கு அதில் கொஞ்சம் கோபம். அத்திவாரம் வெட்டுமுன் காணியில் முளை அடித்து, கயிறு கட்டி, முழு வீட்டையும் தரையில் போட்டுவிடுவார். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதற்குள் ஒரு மணித்தியாலம் குடியிருந்து காட்டவேண்டும்.

மானிப்பாயில் ஒரு வாத்தியார் அவசரத்தில் கயிற்றைத் தாண்டிவிட்டார்.

"சுவருக்குள்ளாலை வாறியள் மாஸ்ரர். திரும்பிப் போய் வாசலாலை வாங்கோ."

மாஸ்டர் திரும்பிப் போனார். செருப்பையும் கழற்றிவிட்டு வந்தார். உள்ளே வந்ததும் மனைவியோடு வாய்த்தர்க்கம். அந்த அம்மா கோபித்துக்கொண்டு கயிற்று அறைக்குள் போய்விட்டார். பின்னால் போன மாஸ்டரை அண்ணை மறித்தார்.

"கதவு சாத்தியிருக்கு. கொஞ்சம் பொறுங்கோ."

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் கம்பனியின் மிகப் பெரிய வேலை வந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய கடற்றொழிலாளர்களுக்கு, வடமராட்சிக் கரையில் வீட்டுத்திட்டம். படம் கொழும்பிலிருந்து வந்தது. அதில் ஒரு கோடும் மாறக்கூடாது. அண்ணை வழக்கம்போலக் கயிறு கட்டி, முதல் வீட்டுக்காரி யோகத்தை உள்ளே விட்டார். யோகம் தோளில் வலையோடு நடுவில் நின்றார்.

"வீடு வடிவாய்த்தான் இருக்கு அண்ணை. இதை எங்கை வைக்கிறது?"

அண்ணை அத்திவாரம் வெட்ட மறுத்துவிட்டார். கனடாவிலிருந்து முதலாளி தொலைபேசியில் வந்தார்.

"திங்கள் வேலை துவங்காட்டி இந்தக் கொந்தராத்தும் எங்களுக்கு இல்லை, நீரும் வேலையிலை இல்லை."

"ஓம் ஐயா," என்றார் அண்ணை, மிகவும் பணிவாக.

திங்கள் காலை, வேலை தொடங்குவதைப் பார்க்கக் கொழும்பிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். அண்ணை யோகத்தின் ஈர வலையைத் தூக்கி அதிகாரியின் தோளில் போட்டார்.

"ஐயா இப்ப கடலாலை வாறியள். வீட்டுக்கை போய் வலையை வையுங்கோ."

அதிகாரி ஏன் அண்ணை சொன்னபடி செய்தார் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. வாசலால் உள்ளே போய் ஓர் அறைப்பக்கம் திரும்பினார்.

"அது சாமியறை ஐயா," என்றார் அண்ணை.

மற்றப் பக்கம் திரும்பினார்.

"அங்கை நான் சமைக்கிறன்," என்றார் யோகம். "அங்காலை பிள்ளையள் படுக்கினம்."

அதிகாரி விறாந்தையில் நின்றார். வெள்ளைச் சேட்டில் கடல்தண்ணீர் வடிந்தது.

"அப்ப இதை எங்கைதான் வைக்கிறது?"

"அதைத்தான் ஐயா நாங்களும் கேக்கிறம்," என்றார் அண்ணை.

அந்த இடத்திலேயே விறாந்தையைக் குறைத்து, வெளிவாசலோடு வலைக்கு ஓர் அறை கீறினேன். அதிகாரி அங்கேயே கையெழுத்து வைத்தார். மத்தியானமே அத்திவாரம் வெட்டினோம். அடுத்த கிராமத்து வேலையும் எங்களுக்கே கிடைத்தது. நீக்குவேன் என்ற அதே முதலாளி அண்ணையைப் பணிப்பாளர் ஆக்கினார்.

வீடுகள் கட்டி முடிந்து குடிபூரல் அன்று மேடையில் ஆளாளுக்கு அண்ணையின் பதவியைச் சொல்லி மாலை போட்டார்கள். யோகம் தன் புருசனுக்குச் சொன்னது வேறு:

"இவர்தான் எங்கடை வலைக்கும் வீடு தந்தவர்."

உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டபோது அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.