முடி எடுத்தாச்சு!

"முடி எடுத்தாச்சுங்க ஐயா!" என்று சலூன்காரர் வந்து சொன்னபோது, புலவர் மேடைத்திரையின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லது. எங்க வெச்சிருக்கீங்க?"

"பையில போட்டு வெச்சிருக்கேன்."

"பையிலயா? மன்னன் தலையில வைக்கலையா?"

சலூன்காரர் விழித்தார். "எடுக்கச் சொன்னதே நீங்கதானே? இப்ப வைக்கச் சொல்றீங்களே!"

புலவர் கயிற்றை அப்படியே விட்டார். ஒப்பனை அறைக்கு ஓடினார்.

கண்ணாடி முன்னால் அவருடைய வருங்கால மாப்பிள்ளை அரச உடையில் உட்கார்ந்திருந்தான். விளக்கு வெளிச்சத்தில் தலை மொழுமொழுவென்று மின்னியது. தலையில் ஏறவேண்டிய முடியோ, தகரப் பெட்டிக்குள் அலமாரி மேல் பத்திரமாக இருந்தது.

புலவர் உண்மையில் டயர் தொழிற்சாலையின் ஸ்டோர் கீப்பர். ஆண்டு விழா நாடகத்தைத் தனித்தமிழில் எழுதி எல்லோரையும் படுத்துவதால் வந்த பட்டம் அது. கிரீடம் என்று யாராவது சொன்னால் அவருக்குக் காது கூசும். 'முடி' என்றுதான் சொல்லவேண்டும். "மன்னனுக்கு முடி எடுத்துடுங்க" என்று, ஒப்பனைக்கு அமர்த்தியிருந்த சலூன்காரருக்குப் போன் போட்டதும் அவர்தான். "முழுசாவா?" என்று கேட்டதற்கு, "பின்னே, பாதியா எடுப்பாங்களா?" என்று சீறியதும் அவரேதான்.

"போச்சு!" என்று தன் வழுக்கையில் அடித்துக்கொண்டார்.

அந்த வழுக்கையை அவர் மனைவி சொல்லிக்காட்டாத நாளில்லை. மகளுக்கு வரன் தேடியபோது அவள் போட்ட ஒரே நிபந்தனை: "எனக்குத்தான் வாய்க்கலை. என் பொண்ணுக்காவது தலை நிறைய முடியோட ஒருத்தன் வேணும்." அவளும் மகளும் இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தலையைப் பார்த்தால் கல்யாணம் நின்றுவிடும்.

"மாப்பிள்ளை, மன்னிச்சுடுங்க..."

"எதுக்கு மாமா? நீங்க சொன்னீங்கன்னதும் எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. இத்தனை நாள் பாரம் இறங்கிடுச்சு!"

அதிர்ச்சியில் உளறுகிறான், பாவம் என்று நினைத்துக்கொண்டார் புலவர்.

"ஐயா, இந்தப் பையை என்ன பண்றது?" என்றார் சலூன்காரர்.

"குப்பையில போடுங்க!"

புலவர் பாய்ந்து போய், அரக்கன் வேடக்காரரின் டோப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டான். "வேண்டாம் மாமா. இனிமே இந்தத் தலைக்கு டோப்பாவே வேண்டாம்."

சரி, முடியையாவது வைப்போம் என்று தகரப் பெட்டியைத் திறந்தார். சுருள் கேசத்துக்கு அளவெடுத்துச் செய்த முடி, வழுக்கிக்கொண்டு மூக்கில் வந்து நின்றது. உள்ளே கைக்குட்டையைத் திணித்தார். மணி அடித்தது. திரை விலகியது.

மன்னன் வாளை உருவினான். "என் முடியில் கைவைக்க எவனுக்குத் துணிவு?"

முழங்கிய வேகத்தில் கைக்குட்டை நழுவியது. முடி கண்ணை மறைத்தது. மன்னன் எதிரியை விட்டுவிட்டு அட்டைத் தூணை வெட்டினான். தூண் சாய்ந்து முடியைத் தட்டிவிட்டது. மொட்டைத் தலையைப் பார்த்து அரங்கமே கூரை அதிரச் சிரித்தது.

முதல் வரிசையில் புலவரின் மனைவி எழுந்துவிட்டாள். "மாப்பிள்ளை! முடி எங்க?"

"அதோ உருளுது, பிடிங்க!" என்றது பின்வரிசை.

புலவர் மேடையில் தாவி மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! இந்த வேடத்துக்காகத் தன் தலைமுடியையே கொடுத்த தியாகி இவர்!"

சிரிப்பு கைதட்டலாக மாறியது. மேனேஜரே எழுந்து நின்று தட்டினார். புலவரின் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"கல்யாணத்தைத் தள்ளிவைக்கிறேன்!"

புலவர் மேடையிலேயே மனைவியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"கோபமில்லை. ஆனா கல்யாண போட்டோவுல இந்தப் பிள்ளை பழைய சுருள் முடியோடதான் நிக்கணும். முழுசா வளரட்டும். வளர்ந்த மறுநாளே கல்யாணம்! இத்தனை பேரும் சாட்சி!"

"அத்தை, அது வந்து..." என்ற மாப்பிள்ளையின் குரல் கைதட்டலில் காணாமல் போனது.

தப்பித்தோம் என்று புலவர் குதிக்காத குறையாக மேடைக்குப் பின்னால் வந்தார். அந்தப் பையோடு சலூன்காரர் அங்கேயே நின்றிருந்தார்.

"இன்னும் குப்பையில போடலையா? சரி, அதை விடுங்க. முடி வளர எத்தனை மாசமாகும்? எடுத்தவர் நீங்க, உங்களுக்குத்தானே தெரியும்!"

"நான் எங்கங்க எடுத்தேன்?" என்று பையை நீட்டினார் சலூன்காரர். "ஐயா முடி எடுக்கச் சொன்னார்னதும், மாப்பிள்ளையே கழட்டிக் கையில கொடுத்துட்டார்."