பிள்ளையார் சுழி போட்ட கடவுச்சொல்

பிள்ளைகளே, உங்கள் அப்பா எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். ஒரு அலுவலகத்தைப் பூட்டச் சொன்னால், தானே உள்ளே போக முடியாத அளவுக்குப் பூட்டுவார். இந்தக் கதையை ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுகிறார்கள். ஆகவே சரியான கதையை, பூட்டினவனான நானே எழுதிவைக்கிறேன்.

நான் படித்தது பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் மட்டும். பிறகு யாழ்ப்பாணம் ரவுணில் மூன்று மாதக் கணினி வகுப்பு. அந்தச் சான்றிதழை உங்கள் அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். தினமும் அதைக் கும்பிட்டுக் கும்பிட்டே எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது.

அப்போது சண்டிலிப்பாயில் ஒரு விவசாயிகள் சங்க அலுவலகத்தில் எனக்குக் கிளாக்கர் வேலை. அங்கே ஐந்து கணினிகள். ஐந்துக்கும் ஒரே கடவுச்சொல்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. உரம் கேட்டு வருகிறவர்கூட, ஆளில்லாத நேரத்தில் தானே திறந்து கிரிக்கெட் பார்ப்பார்.

ஒருநாள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இனிமேல் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கவேண்டும். கடவுச்சொல் பத்து எழுத்துக்குக் குறையக்கூடாது. எழுத்து, இலக்கம், குறியீடு எல்லாம் கலந்திருக்கவேண்டும். மூன்று தரம் பிழையாக அடித்தால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்கக்கூடியவர் நிர்வாகக் கணக்கு வைத்திருப்பவர் மட்டுமே.

சங்கத் தலைவர் கடிதத்தை என் மேசையில் வைத்தார். "தம்பி, உம்மட்டைத்தான் சேட்டிபிக்கற் இருக்கு. உதை நீரே பாரும்."

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் எல்லாரும் போன பிறகு உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் என் கை முதலில் பிள்ளையார் சுழி போடும். கடைச் சாமான் துண்டிலும் போடும். (உங்கள் பள்ளிக்கூட லீவுக் கடிதத்திலும் போட்டுத்தான் தந்தேன்.) கடவுச்சொற் பட்டியலின் தலையிலும் தமிழில் ஒரு 'உ' அடித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த 'உ'வையே ஒவ்வொரு கடவுச்சொல்லின் முன்னாலும் வைத்தால் என்ன? மங்களகரமாகவும் இருக்கும், வெளிநாட்டுக் கள்ளன் தலைகீழாக நின்றாலும் கண்டுபிடிக்கமாட்டான்!

பட்டியலில் இருந்து ஒவ்வொன்றாகப் பிரதியெடுத்து உரிய பெட்டிகளில் ஒட்டினேன். கணினி மறுப்பே சொல்லவில்லை. என்னுடைய நிர்வாகக் கணக்கு முக்கியமானது என்பதால் அதற்கு இரண்டு சுழி. பழைய பொதுக் கணக்கை அழித்தேன். ஐந்து கணினிகளையும் நிறுத்திவிட்டு, சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை. நூற்றிப்பன்னிரண்டு விவசாயிகள் விதை உருளைக்கிழங்கு கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். அந்தப் பட்டியலைப் பின்னேரம் நாலு மணிக்கு முன் இணையத்தில் பதிந்துவிட வேண்டும். பெயர் பதியாதவருக்கு அந்தப் போகம் விதை கிடையாது. அந்த நூற்றிப்பன்னிரண்டு பேரில் என் மாமாவும், அதாவது உங்கள் அம்மப்பாவும், ஒருவர். பட்டியல் எல்லாம் தட்டச்சாகி அலுவலகக் கணினிக்குள் தயாராக இருந்தது.

காலையில் கடவுச்சொற்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். தட்டச்சு வேலை பார்க்கும் பிலோமினா அக்கா, குருநகரில் இருந்து பஸ்ஸில் வருகிறவர், தன் உறையைப் பிரித்தார்.

"தம்பி, உதென்ன, எனக்கும் பிள்ளையார் சுழியே? என்னை ஒரு வார்த்தை கேட்டனீரே?"

"அக்கா, அது பாதுகாப்புக்கு."

"எங்களுக்கு அந்தோனியார் இருக்கிறார், அவர் பாத்துக்கொள்ளுவார். சரி, உந்த 'உ' எந்தக் கட்டையிலை கிடக்கு?"

நான் சிரித்துக்கொண்டே விசைப்பலகைக்குக் குனிந்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. உள்ளே நுழையும் திரையில் தட்டினால் ஆங்கில எழுத்து மட்டுந்தான் விழுந்தது. தமிழ் எழுத்து, உள்ளே போன பிறகுதான் வரும். தமிழ் உள்ளே இருந்தது; நாங்கள் வெளியே நின்றோம்.

'u' போட்டுப் பார்த்தேன். பிழை. பெரிய 'U' போட்டேன். பிழை. சுழி மாதிரித்தானே என்று ஒரு '2' போட்டேன். கணக்கு பூட்டிக்கொண்டது. (மூன்று தரத்தில் பூட்டவேண்டும் என்ற கொள்கையை நான் எவ்வளவு நேர்த்தியாக அமைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.) அடுத்த கணினிக்குப் போனேன். அதுவும் பூட்டியது. கடைசியாக என் நிர்வாகக் கணக்கு. அதற்குத்தான் இரண்டு சுழி ஆயிற்றே!

"தம்பி, உங்கடை பிள்ளையார் உங்களையே உள்ளை விடுறாரில்லை," என்றார் அக்கா.

கணினி திருத்துபவருக்குத் தொலைபேசி எடுத்தேன். திங்கட்கிழமைதான் வருவாராம். அந்த நேரம் பார்த்துத் தலைவர் வந்தார்.

"என்ன, லிஸ்ட் போட்டுதோ?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நூற்றிப்பன்னிரண்டு பேரின்ரை வீட்டுக்கும் நீரே போய்ச் சொல்லும்."

நல்லகாலம், விண்ணப்பத் தாள்கள் அலுமாரியில் இருந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு நானும் அக்காவும் முன்னாலிருந்த போட்டோக்கொப்பிக் கடைக்கு ஓடினோம். அங்கே கணினித் திரையின் மேலேயே கடவுச்சொல்லைத் துண்டில் எழுதி ஒட்டியிருப்பார்கள். அதற்காக அதற்கு முந்தின கிழமைதான் கடைக்காரருக்கு அரை மணித்தியாலம் புத்தி சொல்லியிருந்தேன்.

"வாருங்கோ கிளாக்கர்," என்றார் அவர். "எங்கடை பாதுகாப்பில்லாத கொம்பியூட்டர் உங்களுக்குச் சரிவருமோ?"

பதில் சொல்ல நேரமில்லை. நான் வாசிக்க அக்கா தட்டினார். ஒவ்வொரு பெயராகப் பதியவேண்டும். மூன்றாவது தாளே மாமாவுடையது. அதை எடுத்து அடியில் வைத்தேன்.

"ஏன் தம்பி, மாமாவின்ரையைக் கீழை வைக்கிறீர்?"

"குழப்பினவன் நான், அக்கா. என்ரை ஆளை முன்னுக்கு விடுறது சரியில்லை."

அக்காவின் விரல்கள் இன்னும் வேகமாக ஓடின. மத்தியானச் சாப்பாடு இல்லை. பால் விடாத ஒரு பிளேன்ரீயும் ஒரு இனிப்புப் பணிசும் மட்டும். நூற்றிப்பதினோராவது பெயர் ஏறியபோது நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. மாமாவின் அடையாள அட்டை இலக்கத்தைப் பாதி வாசித்துக்கொண்டிருக்கிறேன், திரை மாறியது: 'காலம் முடிவடைந்தது.'

"தம்பி..." என்றார் அக்கா.

அன்று பொழுதுபட முன் மாமாவின் தோட்டத்துக்குப் போனேன். கிழங்குக்கென்று மண்ணைக் கொத்திப் பதப்படுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நூற்றிப்பதினொரு பேரின்ரை பெயர் பதிஞ்சாச்சு."

"மற்றது ஆரின்ரை?"

நான் மண்ணைப் பார்த்தேன். "உங்கடை. கடைசியா வைச்சது நான்தான்."

மாமா மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"கடைசியா வைச்சது சரி, தம்பி," என்றார். "பூட்டினதுதான் பிழை."

திங்கட்கிழமை கணினிகள் திறந்தன. நான் பயந்து ஒளியவில்லை. அதே கொள்கையைத் திரும்பவும் அமைத்தேன். இந்த முறை முதலில் ஒரு கணினியில் மட்டும் போட்டு, வெளியே வந்து, திரும்ப உள்ளே போய்ப் பார்த்த பிறகே மற்றவற்றில் போட்டேன். அவசரத்துக்கென்று இரண்டாவது நிர்வாகக் கணக்கு ஒன்றைத் தலைவரிடம் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த அலுவலகத்தில் என்னுடைய ஒழுங்குதான் நடக்கிறது. பிலோமினா அக்காவின் கடவுச்சொல் என்ன என்பது அவருக்கும் அந்தோனியாருக்கும் மட்டுந்தான் தெரியும்.

மாமா அந்த மண்ணில் பூசணி போட்டார். ஊரில் ஒருவருக்கும் விளையாத விளைச்சல். எங்கள் வீட்டில் மூன்று மாதம் பூசணிக்காய்க் கறி, பூசணிக்காய்ச் சாம்பார், பூசணிக்காய்ப் பொரியல். (நீங்கள் பாலர் வகுப்பில் உருளைக்கிழங்கைப் படத்தில் பார்த்துத்தான் படித்தீர்கள்.)

மாமாவுக்குக் கோபம் அந்தப் போகத்தோடு போய்விட்டது. கதைதான் போகவில்லை. கலியாண வீட்டில் என்னை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது, இன்றைக்கும் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொல்லுவார்:

"இவர்தான் எங்கடை மருமகன். கொம்பியூட்டர் பாதுகாப்பிலை வலு கெட்டிக்காரன். அந்த வருசம் என்ரை உருளைக்கிழங்கிலை ஒரு கள்ளனும் கை வைக்கேல்லை!"