சம்மதத்தை விழுங்கிய டிஸ்டார்ஷன் பெட்டி

ஷில்லாங்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் சகோதரி மகள் டாரிலின் பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே சோரா ஊர் மழையில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

என் மகள் லாரிசாவின் நிச்சயத்தன்று நடந்ததற்கு மன்னியுங்கள். கிட்டாரை விற்றுவிடுகிறேன். குடும்பத்தின் மூத்த தாய்மாமன் வாய் திறக்காமல் சனிக்கிழமை கல்யாணம் எப்படி நடக்கும்? கோபத்தை விட்டுவிட்டு வாருங்கள்.

வீட்டில் இருந்தது ஒரே ஆம்ப்ளிஃபையர், அதனால் உங்கள் மைக்கையும் கிட்டாரைக் கரகரக்க வைக்க நானே செய்த பெட்டிக்குள், டயோடுகள் இருந்த அதே முனையில் ஒட்டவைத்தேன், நீங்கள் எழுந்து "உங்க பையன் எங்க வீட்டோட வந்து இருக்கறதுல எங்களுக்கு..." என்றீர்கள், நான் பின்னணிக்காகக் கம்பிகளை ஓங்கி மீட்டினேன், "முழுச் சம்மதம்" காணாமல் போயிற்று. "என்ன, பாதியில நிறுத்திட்டாரு? நம்ம பையனைப் பிடிக்கலையா?" என்றார் பையனின் மாமா. சபை இறுகிவிட்டதே, கலகலப்பாக்கலாம் என்று இன்னும் பலமாக அடித்தேன். என் கணவர் கிர்மென், "கையை எடு டாரி! நீ அடிக்கறப்பல்லாம் மாமா ஊமையாயிடறாரு!" என்று கத்த, பையன் வீட்டார் வாயருகே கொண்டுபோன பாக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்கள். நீங்கள் மைக்கை வீசிவிட்டு, "சம்மதம்யா, சம்மதம்!" என்று அலறியதால் சம்பந்தம் பிழைத்தது. ஆனால் "இந்தப் பெட்டி இருக்கற வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன்" என்று விருந்துக்குச் சமைத்த ஜாதோ சோறுகூடச் சாப்பிடாமல் போய்விட்டீர்களே!

டயோடைச் சொல்லிக் குற்றமில்லை மாமா. ஒலி சன்னமாக இருக்கும்வரை அது இருப்பதே தெரியாது. கிட்டார் ஓங்கினால் திறந்துகொண்டு, அலையின் நுனியைத் தரைக்கு இழுத்துவிடும். அந்த உறுமலுக்காகத்தான் அதை வைப்பதே. திறந்த கணத்தில் மின்னோட்டத்தைத் தடுக்கும் அந்த முனையின் மின்மறுப்பு அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும். கிட்டார் மட்டுமல்ல, அங்கே கட்டியிருந்த எல்லாமே அதோடு தரைக்குப் போய்விடும். இனி அதைப் பேசி என்ன.

அத்தைக்கு வணக்கம். கடவுள் உங்களைக் காக்கட்டும். குப்லெய்.

உங்கள்
டாரிலின்

பின்குறிப்பு: "அங்கே கட்டியிருந்த எல்லாமே" என்று எழுதியபோதே கை நின்றுவிட்டது. கையெழுத்துப் போட்டதும் ஓடிப்போய் சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். டயோடுகளை அடுத்து பஃபர் என்னும் ஓர் இடைச்சுற்றை வைத்து, அதற்கு அப்பால் மைக்கைச் சேர்த்தேன். இனி அவை எவ்வளவு இழுத்தாலும் அந்த இழுப்பு உங்கள் குரலை எட்டாது. கிர்மென் உங்களைப் போலவே கனைத்துப் பேசினார், நான் முழு மூச்சாக அடித்தேன், ஒரு சொல்கூட விடுபடவில்லை. ஆகவே கிட்டார் விற்பனைக்கு இல்லை. பெட்டியும் கூடத்தில்தான் இருக்கும். படியை மிதிக்க மாட்டேன் என்ற உங்கள் வாக்கும் தவற வேண்டாம், மாமா. மைக் கம்பி வாசல் முற்றம்வரை நீளும்.